பிணையாளி மாண்டால்

கடன் என்பது இருவர் காரியம் என்று பொதுவாக நினைக்கிறோம். கொடுத்தவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன். ஆனால் கையில் சொத்தில்லாதவன் கடன் கேட்கப் போகுமிடத்தில் மூன்றாவது மனிதன் ஒருவனும் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவன் அந்தப் பணத்தைக் கண்ணால் கண்டவனல்லன். அதில் ஒரு காசும் அவன் பையில் விழுவதில்லை. ஆயினும் பத்திரத்தின் அடியில் அவனுடைய கைச்சாத்தும் ஏறிவிடுகிறது. அவனையே பிணையாளி என்றும் ஜாமீன்தாரன் என்றும் அழைக்கிறோம். செட்டியார் கடைப் புரோநோட்டு முதல் கூட்டுறவுச் சங்கக் கடன் வரையில் இந்த மூன்றாவது கைச்சாத்தை அறியாத தமிழர் இந்நாட்டில் மிகச் சிலரே.

அந்த மூன்றாவது மனிதன் மாண்டால் கடன் என்னாகும்? மக்கள் இதற்கு விடை தேடத் தொடங்கி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகின்றன. விடைகள் பலவாயினும் அவையெல்லாம் இறந்தவன் வீட்டைப் பற்றியவை. பிணையாளியின் மக்கள் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே பழைய வழக்கு. நம் காலத்திலோ, செல்வத்தில் முதன்மையான நாடு எனப் பெயர் பெற்ற ஐக்கிய அமெரிக்காவில், கல்லூரி மாணவர்களின் கடன் பத்திரங்களுக்குள் புதியதொரு விடை புகுந்துகொண்டது. பிணையாளி இறந்தால், உயிரோடிருந்து ஒழுங்காகத் தவணை கட்டிவரும் மாணவனே தவணை தவறியவனாகக் கருதப்படுவான் என்பது அவ்விடை. அஃது எவ்வாறு புகுந்தது, எவ்வளவு தூரம் துரத்தப்பட்டது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

முதலில் பழமையைப் பார்ப்போம். மனுவின் நூலை நாம் எவ்விதம் மதிப்பினும், பழங்காலக் கொடுக்கல் வாங்கலுக்கு அஃதொரு சான்று என்பதை மறுப்பதற்கில்லை. அதன் எட்டாம் அத்தியாயம் பிணையை இரண்டாகப் பிரிக்கிறது. கடன்பட்டவனை உரிய நாளில் கொண்டுவந்து நிறுத்துவேன் என்று பொறுப்பேற்பது ஒன்று. அவன் கொடாவிடில் நான் கொடுப்பேன் என்று பொறுப்பேற்பது மற்றொன்று. முன்னவன் இறந்தால் மகன் மேல் பாரம் இல்லை. தகப்பன் சூதாடித் தோற்ற கடனும், குடித்த கடனும் மகனைச் சாராததுபோல இதுவும் சாராது. பின்னவன் இறந்தாலோ வாரிசுகளைக் கொண்டே கடனைத் தீர்ப்பிக்கலாம். யாக்ஞவல்கியர் பேரால் வழங்கும் நூல் இவற்றோடு மூன்றாவது வகையொன்றையும் கூறுகிறது. ‘இவன் நம்பத்தக்கவன்’ என்று வாக்குக் கொடுத்துப் பிணை நிற்பது அது. அவ்வாக்கும் சொன்னவனோடு மாண்டுபோகும், மகனைத் தொடராது.

மேற்கே ரோமாபுரியிலும் இதே பிரச்சினை எழுந்தது. இன்று பந்தயங்களுக்குப் பொருளுதவி செய்வோரைக் குறிக்க வழங்கும் ‘ஸ்பான்சர்’ என்ற சொல், அங்கே ஒருவகைப் பிணையாளியைக் குறித்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காயஸ் என்னும் சட்ட ஆசிரியர் எழுதிவைத்தபடி, ஸ்பான்சர் இறந்தால் அவனுடைய வாரிசுகளுக்குப் பொறுப்பில்லை. பிற்காலத்தில் தோன்றிய ‘ஃபிதேயுஸ்ஸோர்’ என்னும் பிணையாளியின் வாரிசுகளோ கட்டுண்டவர்கள். பழைய வகை மறைந்து புதிய வகை நிலைத்தது. வாணிகம் பெருகப் பெருக, மனிதனோடு சாகும் வாக்கு லேவாதேவிக்காரருக்குப் போதாமற்போயிற்று என்பதே இதற்குக் காரணமாயிருக்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1677-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பிறனுடைய கடனுக்கு ஈடு சொல்லும் வாக்கு எழுத்தில் இருந்து, கையெழுத்தும் இடப்பட்டிருந்தாலன்றி கோர்ட்டில் செல்லாது என்று விதித்தது. வாய்ச்சொல் பத்திரமாயிற்று. அதன் பின்னர் 1872-இல் இந்திய ஒப்பந்தச் சட்டம் இயற்றப்பட்டது. அதைத் தழுவி 1899-இல் ஐக்கிய மலாய் நாடுகளில் ஒரு சட்டம் வந்தது. இன்றைய மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதன் வழித்தோன்றலே. ஆதலின் இவ்விஷயத்தில் கல்கத்தாவில் எழுதிய எழுத்து நம் தோட்டத்து வாசல் வரை வந்திருக்கிறது எனலாம்.

அச்சட்டம் கூறுவது யாதெனில், தொடர்ந்து நடக்கும் கணக்கிற்கு ஒருவர் பிணை நின்றிருந்து இறந்தால், இறப்பிற்குப் பிற்பட்ட கொடுக்கல் வாங்கலுக்கு அவருடைய பிணை ரத்தாகும். மளிகைக் கடையில் தம் தம்பியின் பற்றுக்கு ஒருவர் பிணை சொல்லியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் இறந்த நாள் வரை தம்பி வாங்கிய அரிசிக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து பொறுப்பு. மறுநாள் வாங்கிய அரிசிக்குப் பொறுப்பில்லை. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதே பிரிவில், ‘மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து’ என்னும் பொருளில் ஒரு சிறு வாசகம் இருக்கிறது. பத்திரத்தில் வேறுவிதமாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் சட்டம் ஒதுங்கி நிற்கும் என்பது அதன் கருத்து. ஒப்பந்தச் சுதந்திரம் என்று இதற்குப் பெயர். பத்திரம் எழுதுவோன் ஒருவன், கையெழுத்திடுவோன் மற்றொருவன் என்றிருக்கும் உலகில் அச்சுதந்திரம் யாருக்கு உரியது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அமெரிக்காவில் நாம் காணப்போகும் ஷரத்தும் இத்தகைய சந்தில் முளைத்ததே.

அமெரிக்க சர்க்கார் மாணவர்களுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கிய வரலாறு வேடிக்கையானது. 1957 அக்டோபர் 4-ஆம் நாள் ருஷ்யர்கள் ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை வானில் ஏற்றினர். அறிவியலில் பின்தங்கிவிட்டோம் என்ற அச்சம் அமெரிக்காவைப் பிடித்தது. மறு ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் ஜனாதிபதி ஐசன்ஹோவர் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி கல்லூரிகளின் வழியாக மாணவருக்குக் கடன் கிடைத்தது. வயது வந்த மாணவனிடம் ஈடும் கேட்கவில்லை, பிணையாளியும் கேட்கவில்லை. கடன் பெற்றவன் இறந்தாலோ, நிரந்தரமாக உடல் முடங்கினாலோ கடன் தள்ளுபடி. படிக்கும் பிள்ளையின் அறிவே ஈடு என்று அன்றைய சட்டம் நினைத்தது போலும்.

1965 நவம்பர் 8-ஆம் நாள் உயர்கல்விச் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஜான்சன் தாம் படித்த கல்லூரிக்கே, டெக்ஸாஸில் சான் மார்கோஸ் என்னும் ஊருக்கு, சென்று அதில் கையொப்பமிட்டார். இச்சட்டத்தின் முறை வேறு. பணம் கொடுப்பது பாங்கி. மாணவன் தவறினால் ஈடு செய்வது சர்க்கார் ஆதரவு பெற்ற ஸ்தாபனம். அஃதாவது, சர்க்காரே பிணையாளியாயிற்று. இறப்பில்லாத பிணையாளி! பாங்கிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இவ்வேற்பாடு 2010 வரை நடந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் புதிய சர்க்கார் கடன்கள் யாவும் சர்க்காரிடமிருந்து நேரடியாகவே கொடுக்கப்படுகின்றன. பெற்றோர் பேரில் வாங்கும் கடன் போன்ற சிலவற்றில் உறுதி சொல்வோர் தேவைப்படலாம் என்பது தவிர, சர்க்கார் கடனுக்கு இன்றும் பிணையில்லை. மாணவன் இறந்தால் வசூலும் இல்லை.

அப்படியானால் பாட்டனாரின் கைச்சாத்துக்கு எங்கே இடம் வந்தது? சர்க்கார் கடனுக்கு உச்சவரம்பு உண்டு. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவனுக்கு முதலாண்டில் 5,500 டாலர். இளங்கலைப் படிப்பு முழுமைக்கும் 31,000 டாலர். கல்லூரிச் சம்பளமோ அவ்வரம்பை மதிக்காமல் ஏறிக்கொண்டே போயிற்று. எஞ்சிய பள்ளத்தைத் தனியார் கடன் நிரப்பிற்று. 1972-இல் காங்கிரஸ் மகாசபை மாணவர் கடனுக்கென்றே ஒரு கழகத்தை நிறுவியிருந்தது. ‘சாலி மே’ என்பது அதன் செல்லப் பெயர். சர்க்காரின் ஆசியோடு பிறந்த அக்கழகம் 2004 முடிவில் முற்றும் தனியார் கம்பெனியாகிவிட்டது. தனியார் கடன் சந்தையில் அதுவும் பிற பாங்கிகளும் போட்டியிட்டன. பல்லாயிரம் மாணவர்களின் பத்திரங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, அம்மூட்டையின் வருவாயை முதலாளிகளுக்குப் பங்கு பங்காக விற்றனர். 2001-இல் 500 கோடி டாலருக்கும் குறைவாயிருந்த ஆண்டுத் தனியார் கடன், 2008-இல் 2,000 கோடி டாலருக்கு மேற்பட்டது. 2005-க்கும் 2007-க்கும் இடையில், கல்லூரிக்கே தெரியாமல் மாணவனிடம் நேரடியாகக் கொடுத்த இளங்கலைக் கடன்கள் நூற்றுக்கு 40-இலிருந்து 70-க்கு மேல் சென்றன. பிள்ளைக்கு எவ்வளவு தேவை என்று விசாரிப்பாரின்றிக் கடன் ஓடிற்று.

தப்பிக்கும் வாயிலும் அதே காலத்தில் அடைபட்டது. அமெரிக்காவில் நொடித்துப்போனவன் கோர்ட்டில் மனுச் செய்து கடன்களினின்று விடுதலை பெறலாம். நம்மவர் ‘மஞ்சள் கடுதாசி கொடுப்பது’ என்பார்களே, அதுதான். 1976-இல் இயற்றிய சட்டம் சர்க்கார் மாணவர் கடனுக்கு அவ்விடுதலையை முதல் ஐந்தாண்டுகளுக்கு நிறுத்திற்று. 1990-இல் அது ஏழாண்டுகளாயிற்று. 1998-இல் ஆண்டுக் கணக்கே எடுபட்டது. 2005-இல் தனியார் கடன்களும் அக்கூண்டில் அடைக்கப்பட்டன. அளவு மீறிய இடுக்கண்ணை மெய்ப்பித்தாலன்றி விடுதலை இல்லை. சூதாடிக் கெட்டவனுக்குக் கிடைக்கும் மன்னிப்பு படித்துக் கெட்டவனுக்குக் கிடையாது!

பின்னர் 2008-இல் பெருஞ்சரிவு வந்தது. மூட்டைகளை வாங்குவாரில்லை. 2011-இல் தனியார் கடன் 600 கோடி டாலருக்கும் கீழே விழுந்தது. அச்சங்கொண்ட பாங்கிகள் மாணவனைத் தனியே நம்ப மறுத்தன. 2008-இல் நூற்றுக்கு 67 பத்திரங்களில் இருந்த பிணைக் கைச்சாத்து, 2011-இல் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்ட பத்திரங்களில் ஏறிற்று. தகப்பன், தாய், பாட்டன், பாட்டி ஆகியோரே பெரும்பாலும் கையெழுத்திட்டவர்கள். பதினெட்டு வயதுப் பிள்ளையின் கடனுக்கு, அது தீருமுன்பே வயது முடியக்கூடியவர்களைப் பிணையாகக் கேட்கும் முறை இது என்பதை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை விளக்க வேண்டும். நம்மிடையே பிணை நிற்பவன் பின்வரிசையில் நிற்பவன் என்ற எண்ணம் இருக்கிறது. முதலில் வாங்கியவனை விரட்டுவார்கள், அவன் கைவிரித்த பிறகே நம்மிடம் வருவார்கள் என்று எண்ணிக் கையெழுத்துப் போடுகிறோம். அமெரிக்க மாணவர் கடனில் உடன் கையெழுத்திட்டவர் முதல் நாளிலிருந்தே மாணவனுக்குச் சமமான கடனாளி. மாணவனைத் தொடாமலே அவரிடம் முழுவதையும் கேட்கலாம். உடன் கையெழுத்திடுவோர்க்கு இவ்வபாயத்தை முன்கூட்டியே தனித்தாளில் எச்சரிக்க வேண்டும் என்று கூட்டரசின் வர்த்தக ஆணையம் 1985 மார்ச் முதல் விதித்திருந்தது. ஆனால் அவ்வெச்சரிக்கை, மாணவன் தவறினால் பிணையாளிக்கு என்ன நேரும் என்பதைத்தான் கூறிற்று. பிணையாளி இறந்தால் மாணவனுக்கு என்ன நேரும் என்பதை அது கூறவில்லை. அதைக் கூறும் ஷரத்து பத்திரத்தின் உள்ளே, நுண்ணெழுத்தில் இருந்தது.

அந்த ஷரத்தின் வேலை இதுதான். கையெழுத்திட்டவருள் யாரேனும் இறந்தாலும் நொடித்தாலும், பத்திரம் தவறியதாகக் கருதப்படும்; பல ஆண்டுகளில் கட்ட வேண்டிய முழுத் தொகையையும் உடனே கேட்கலாம். பத்தாண்டுத் தவணையில் மூன்றாண்டுகளை ஒரு நாளும் தவறாமல் கட்டியவன், பாட்டனாரை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பினால், எஞ்சிய ஏழாண்டுக் கடனையும் ஒரே மூச்சில் கட்டச் சொல்லும் கடிதம் காத்திருக்கும். கட்டாவிடில் நாணயப் பதிவேட்டில் கரும்புள்ளி. அந்நாட்டில் வாடகைக்கு வீடு கேட்டாலும், சில இடங்களில் வேலை கேட்டாலும் அப்பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். அப்புள்ளி ஏழாண்டு வரை நீங்காது.

பாங்கியின் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லலாம். ஈடு வைத்த வீடு எரிந்துபோனால் கடன் கொடுத்தவன் அஞ்சுவது இயற்கை. பிணையாளி இறப்பது அதனையொத்தது என்பர். ஆனால் வாங்கியவன் ஒழுங்காகக் கட்டிவருகையில் அவனைத் தவறியவனாக்குவதால் பாங்கிக்கு என்ன லாபம்? வந்துகொண்டிருந்த பணமும் நின்றுபோகும். தன் கறவைப் பசுவைத் தானே அடித்து விரட்டும் செயல் இது.

இதன் உட்பொருள் 2014-இல் வெளிப்பட்டது. அமெரிக்க சர்க்காரின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புச் செயலகம் அவ்வாண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் ஓர் அறிக்கை வெளியிட்டது. தனியார் கடன் வாங்கிய மாணவர்களின் புகார்களைத் திரட்டி எழுதியது அது. கோர்ட்டுகளில் பதிவாகும் மரண விவரங்களையும் நொடிப்பு விவரங்களையும் கணிப்பொறி கொண்டு திரட்டி, கடன் பேரேட்டிலுள்ள பெயர்களோடு ஒத்துப் பார்க்கிறார்கள். பெயர் பொருந்தினால் தவறுதல் தானே அறிவிக்கப்படுகிறது. மாணவன் ஒழுங்காகக் கட்டுகிறானா என்று பார்ப்பவர் இல்லை என்பது அவ்வறிக்கையின் சாரம். மூட்டையில் பங்கு வாங்கியவன் மாணவனை அறியான். வசூல் செய்யும் கம்பெனி கூலிக்கு வேலை செய்வது. நடுவே இரக்கம் காட்டும் அதிகாரம் ஒருவரிடமும் இல்லை. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நாம்கூட ஒரு பெயரை அடிப்பதற்கு முன் லயத்துக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறோம். கோடி கோடியாய்ப் பணம் புரளும் அக்கம்பெனிகளுக்கு அந்த ஓர் ஆள் கிடைக்கவில்லை.

பத்திரங்களில் ஒரு மாற்று வழி இல்லாமலில்லை. குறித்த காலம் வரை ஒழுங்காகக் கட்டிய மாணவன் மனுச் செய்தால் பிணையாளியை விடுவிக்கலாம் என்று பல பாங்கிகள் விளம்பரம் செய்தன. பாட்டனார் உயிரோடிருக்கும்போதே அவர் பெயரை நீக்கிவிட்டால் அவருடைய மரணம் பத்திரத்தைத் தீண்டாதன்றோ? ஆனால் அதே செயலகம் 2015 ஜூனில் ஆராய்ந்து சொன்னபடி, அவ்வாறு மனுச் செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் மறுக்கப்பட்டனர். வாசல் இருந்தது, திறக்கவில்லை.

மரணம் மறுபக்கம் நேரும்போது கொடுமை வேறு வகையானது. மாணவனே இறந்தால் சர்க்கார் கடன் தள்ளுபடியாகும் என்றோம். தனியார் கடனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சில பாங்கிகள் தாமாகவே மன்னித்தன, பிற மன்னிக்கவில்லை. மகனைப் புதைத்த தகப்பன், அவன் முடிக்காத படிப்பிற்கு மாதந்தோறும் பணம் கட்டிவந்த செய்திகள் பத்திரிகைகளில் வந்தன. காங்கிரஸ் மகாசபையில் இதற்கென மசோதாக்கள் கொண்டுவரப்பட்டும் ஆண்டுக்கணக்கில் உறங்கின.

கடைசியில் 2018 மே 24-ஆம் நாள் ஜனாதிபதி டிரம்ப் ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பாங்கிகளின் மேலிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதே அதன் முதன்மையான நோக்கம். அதனிடையே 601-ஆம் பிரிவாக மாணவர் கடன் பற்றிய சில வரிகள் இடம்பெற்றன. பிணையாளியின் மரணத்தையோ நொடிப்பையோ மட்டுமே காரணமாக்கி, மாணவனைத் தவறியவனென்று அறிவிக்கவும், முழுத் தொகையையும் உடனே கேட்கவும் கூடாது என்பது ஒன்று. மாணவன் இறந்த செய்தி தெரிவிக்கப்பட்டதும், பிணையாளியை நியாயமான காலத்துக்குள் விடுவிக்க வேண்டும் என்பது மற்றொன்று. தன் மரணத்திற்குப் பின் கடன் விஷயத்தில் தன் சார்பாக நடக்க ஒருவரைக் குறிப்பிடும் வாய்ப்பையும் மாணவனுக்குக் கொடுக்க வேண்டும். ‘மாறான ஒப்பந்தம் இல்லாதவிடத்து’ என்ற சந்து இங்கே அடைக்கப்பட்டது. எழுதி வாங்கினாலும் செல்லாது.

எனினும் பிணையாளியின் மரணத்தால் கடன் அழிவதில்லை. மாணவன் தவணைகளைத் தொடர்ந்து கட்டியே தீர வேண்டும். இறந்தவரின் சொத்தின்மேல் பாங்கி உரிமை கோரலாமா என்பதைப் பத்திரத்தின் வாசகமும், அந்தந்த மாகாணத்தின் வாரிசுச் சட்டமும் தீர்மானிக்கும். மனுவும் காயஸும் வழக்காடிய பழைய கேள்வி அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது.

இச்சட்டத்தில் வேறொரு குறை உண்டு. கையெழுத்தான நாளிலிருந்து 180 நாள் கழிந்த பின், அஃதாவது 2018 நவம்பர் 20 முதல், எழுதப்படும் பத்திரங்களுக்கே அது பொருந்தும். முன் எழுதியவை முன் எழுதியபடியே. பழைய பத்திரம் உள்ளவனுக்கு இரண்டு வழிகளே உள. பிணையாளி உயிரோடிருக்கையில் விடுவிப்பு மனுச் செய்து பார்க்கலாம். அல்லது வேறொரு பாங்கியில் தன் பேரிலேயே புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைக்கலாம். இரண்டாவதற்கு நல்ல சம்பளமும் கறையற்ற நாணயப் பதிவும் வேண்டும். அவை இரண்டும் உள்ளவனுக்குப் பாட்டனாரின் கைச்சாத்து பெரும்பாலும் தேவைப்பட்டிராது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன் 2017-இல் பதினைந்தாண்டுத் தவணையில் கடன் வாங்கினான். தங்கை 2019-இல் வாங்கினாள். பாங்கி ஒன்றே, இரண்டு பத்திரத்திலும் கையெழுத்திட்ட பாட்டனாரும் ஒருவரே. இருவரும் மாதந்தோறும் ஒரே நாளில் பணம் கட்டுகிறார்கள். நாளைப் பாட்டனார் காலமானால், தங்கைக்கு அடுத்த மாதத் தவணை வழக்கம்போல் வரும். அண்ணனோ தன் பழைய பத்திரத்தை எடுத்து, அதன் நுண்ணெழுத்தில் அந்த ஷரத்து இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.